பாட்டுக்குப் பின்னால் கேட்கும் இரைச்சல்

எய்யா,

நீ கேட்ட கேசட் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அதைப் போட்டுக் கேட்காதே. அப்பன் வழக்கம்போல உத்தரவு போடுகிறான் என்று நினைத்துவிடாதே, இது கெஞ்சல். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். நீ நலமாக இல்லை என்பது உன் கார்டிலேயே தெரிகிறது. பத்து வருஷமாக நீ எழுதுவதெல்லாம் நான்கு வரிக் கார்டுகள்தான். இந்தத் தடவை, 'எனக்குப் பெண் பார்க்க வேண்டாம், என் கை பட்டு ஒரு குடும்பம் விளங்காது' என்று எழுதியிருக்கிறாய். அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அதற்குக் கீழே, ஒன்றுமே சொல்லாதவன் மாதிரி, உங்கள் கேசட் வந்திருப்பதாகத் தாராவியில் நம் ஊர்க்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள், ஒன்று அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறாய். இதற்குப் பதிலாகக் கேசட்டை மட்டும் அனுப்பினால் நான் மனுஷனே இல்லை.

முதலில் கேசட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது எளிது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது மெட்ராஸுக்குப் போய் ஓர் இசைத்தட்டு போட்டேன். எலெக்ட்ரிக் கிதாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தமிழில் ராக் பாடுகிற கிறுக்கன் என்று அப்போது எனக்குப் பேர். தட்டு விற்கவில்லை. கேட்ட நாலு பேர் மட்டும் அதை விடவில்லை. ஹாஸ்டல் ஹாஸ்டலாகக் கேசட்டில் பதிந்து பரப்பினார்கள். அன்றிலிருந்து ஜங்ஷனில் ஒரு டீ குடிக்கப் போனால்கூட, "அண்ணாச்சி, அடுத்தது எப்பம்?" என்று யாராவது கேட்காமல் விட்டதில்லை. நான் கல்யாண வீட்டிலும் கோயில் கொடைத் திருவிழாவிலும் சினிமாப் பாட்டு வாசித்துப் பிழைத்துக்கொண்டு, "வருது, வருது" என்று சொல்லியே இருபத்தெட்டு வருஷம் ஓட்டினேன். இப்போதுதான் வந்திருக்கிறது. ஒன்பது பாட்டு. டிரம்ஸ் கிடையாது, கூட யாரும் கிடையாது, ஒரு கிதாரும் என் கிழட்டுக் குரலும்தான். தன்னைத் தானே உரித்துக் காட்டியிருக்கிறார், இதற்கு நெஞ்சுரம் வேண்டும் என்று ஒரு வாரப்பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் பாராட்டுக் கூட்டமாம், சால்வை எல்லாம் உண்டாம்.

ஒன்பது பாட்டுக்கும் பின்னால் ‘ம்ம்’ என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்கும். டேப் சரியில்லை என்று சிலர் கடையில் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். வாரப்பத்திரிகைக்காரர் ஒரு படி மேலே போய், பாட்டு முழுக்கத் தாமிரபரணி அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எழுதிவிட்டார். படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு அந்தப் பத்திரிகையை மடித்து அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டேன். அது ஆறும் இல்லை, குளமும் இல்லை என்று கேட்டவுடன் உனக்குத் தெரிந்துவிடும். எனக்கும் தெரியும். ஆம்ப்ளிபயர் இரைகிற சத்தம் அது.

பதிவு நடந்தது ஜங்ஷன் பக்கத்தில் ஒரு மாடியறையில். பக்திப் பாட்டுக் கேசட் பதிகிற இடம். செல்வின் என்று நாற்பது வயதுக்காரர், நல்ல தொழில் தெரிந்தவர், அவர்தான் பதிந்தார். முதல் பாட்டை எடுத்ததுமே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வந்தார். "பழைய ஆம்ப்ளிபயர்லா அண்ணாச்சி, அதான் இரையுது. எர்த்த மட்டும் கழத்தி விட்டுருவோம், சத்தம் கப்புனு நின்னுரும்" என்று சொல்லிக்கொண்டே குறட்டோடு பின்பக்கம் குனிந்தார். "கைய எடும்வே!" என்று நான் கத்திய கத்தலில் கீழே டீக்கடையில் இருந்தவர்கள் மாடியை அண்ணாந்து பார்த்தார்களாம். மனுஷர் பயந்துபோய்க் குறட்டைக் கீழே போட்டுவிட்டார். "என்ன அண்ணாச்சி, நான் என்ன செஞ்சிட்டேன்?" என்றார். பாவம், அவர் ஒன்றும் செய்யவில்லை. இரைந்தால் இரையட்டும், அப்படியே பதியும் என்று சொல்லிவிட்டு ஒன்பது பாட்டையும் அந்தச் சத்தத்தோடேயே பாடி முடித்தேன்.

இனி எழுதுவதில் பெரும்பகுதி உனக்குத் தெரிந்ததுதான். பொறுத்துக்கொண்டு படி. தெரியாதது அதற்கு நடுவில்தான் கிடக்கிறது.

உன் ஆவுடை மாமாவைப் போல ஒரு குரலை நான் இதுவரை கேட்டதில்லை. தன் அக்காள் புருஷன் என்பதற்காக என் பின்னால் வந்தவன் இல்லை அவன். பஸ் கம்பெனியில் நல்ல வேலையை விட்டுவிட்டு என் பாட்டை நம்பி வந்தவன். திருச்செந்தூரில் அவன் மடியில் உட்கார வைத்துத்தான் உனக்குக் காது குத்தினோம். நீ வீறிட்டபோது உன்னைவிட அவன்தான் அதிகமாக அழுதான், உன் அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கத் தொடங்கி அழுதுதான் முடிப்பாள். அவன் பாடுவான், கூடவே கிதாரும் வாசிப்பான். இரண்டு கிதாரையும் ஒரே ஆம்ப்ளிபயரில்தான் செருகுவோம், இன்னொன்று வாங்க நமக்கு வக்கில்லை.

அந்த ஆடிக் கொடை நினைவிருக்கிறதா என்று கேட்கமாட்டேன். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் ஓரத்து அம்மன் கோயில். உனக்குப் பத்தொன்பது வயது, ஐடிஐயில் எலெக்ட்ரீசியன் படிப்பில் கடைசி வருஷம். மேடைக்கு மின்சாரம் இழுப்பது உன் பொறுப்பு என்று நீயாகவே எடுத்துக்கொண்டாய். வாய்க்கால் ஈரத்தில் இரும்புக் கம்பியை ஆள் உயரத்துக்கு அடித்து இறக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி, அதிலிருந்து ஒயரை இழுத்து ஆம்ப்ளிபயரின் முதுகில் முறுக்கினாய். முடித்துவிட்டு என்னிடம் வந்து சொன்னாய். "அப்பா, இந்தப் பெட்டிக்குள்ள எங்கியோ கரண்ட் கசியுது. எர்த் இருக்க வரைக்கும் அது மண்ணுக்குப் போயிரும், பயமில்ல. இதுல மட்டும் கை வச்சிராதீய." நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் அப்படியே என் காதில் இருக்கிறது. என்னை எச்சரித்ததையே நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது என்னைக் கேட்டிருப்பாய்.

அன்றைக்கு மெட்ராஸிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் வந்திருந்தார். உங்கள் யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லை, பாட்டுப் பிடித்துப்போனால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். முன்வரிசையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கிதாரை மாட்டி ஒரு கம்பியைத் தட்டியதும் ‘ம்ம்’ என்று இரைச்சல். அவர் முகம் சுளித்ததைப் பார்த்தேன். நீ கோயில் முகப்பில் டியூப்லைட் கட்டப் போயிருந்தாய். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, விளக்கு வைக்கிற நேரம். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், ஐம்பது அடி தூரம்கூட இல்லை. நான் கேட்கவில்லை. உன் பையிலிருந்த குறட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போய் அந்த எர்த் ஒயரை அவிழ்த்தேன். லேசில் அவிழவில்லை எய்யா. ஏழு சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தாய். எண்ணிக்கொண்டே அவிழ்த்தேன்.

இரைச்சல் நின்றுவிட்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். திரும்பி வந்து கிதாரைத் தட்டிப் பார்க்கும்போது என் முழங்கை மைக் கம்பத்தில் பட்டது. சுருக்கென்று தோள்வரை ஏறியது. என் காலில் ரப்பர் அடி வைத்த பூட்ஸ் இருந்ததாலோ, பட்டது ஒரு நொடிதான் என்பதாலோ தப்பினேன். அது என்னவென்று எனக்குத் தெரியும். இருபது வருஷம் மேடையில் நின்றவனுக்குத் தெரியாதா? நான் என்ன செய்தேன் தெரியுமா? மைக்கை விட்டு ஓர் அடி தள்ளி நின்றுகொண்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

அம்மனுக்கு எதிரே செருப்போடு நிற்கக்கூடாது என்று மாமா வெறுங்காலோடு சன்னதிக்குப் போய், நெற்றி நிறையத் திருநீறோடு மேடையேறினான். பூட்ஸ் போட்டிருந்த என்னைப் பார்த்து வழக்கம்போல ஒரு கிண்டல் சிரிப்பு. கிதாரை மாட்டிக்கொண்டு, "என்ன அத்தான், இரைச்சல் நின்னுட்டு?" என்று கேட்டான். "நின்னுட்டு, நீ பாடு" என்றேன். அவன் எப்போதும் உதடு ஒட்டத்தான் மைக்கில் பாடுவான். பாட்டு தொடங்கவே இல்லை. அதற்குமேல் நான் எழுதத் தேவையில்லை, நீ ஓடிவந்தாய், நீதான் மெயினைப் பிடுங்கினாய், நீதான் அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாய்.

பிறகு ஊர்த் தர்மகர்த்தா ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் தொங்கிய ஒயர் முனையைத் தூக்கிப் பிடித்து, "இதக் கட்டுனது யாருவே?" என்று கேட்டார். "நான்தான்" என்றாய். நான் உன் பக்கத்தில் நின்றேன். குறடு என் கால்சட்டைப் பையில் இருந்தது.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பத்து வருஷமாக எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த ஒரு மணி நேரம் பயம். உன் அம்மா என்னோடு வாழமாட்டாள் என்ற பயம். மறுநாள் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மறுநாள், காரியம் முடியட்டும் என்று இருந்தேன். ஓர் உண்மையை முதல் நாள் சொல்லாமல் விட்டால் இரண்டாம் நாள் பொய் வீட்டில் ஓர் ஆளாக உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிவிடும். ஆனால் நான் செய்ததில் மிகக் கேவலமானது மௌனம்கூட இல்லை. மூன்றாம் நாள் சொந்தக்காரர்கள் கூடியிருந்த நடுவீட்டில் நீ வந்து, "அப்பா, நான் சரியா முறுக்கலையோ?" என்று கேட்டாய். எல்லோரும் பார்க்க உன் தலையில் கை வைத்து, "விடுலே, வேணும்னா செஞ்ச? நான் ஒன்ன ஒண்ணும் நெனைக்கல" என்றேன். என்ன பெரிய மனசு என்று என்னைச் சொன்னார்கள். நான் செய்ததற்கு உன்னை மன்னித்தேன், எய்யா. இனிமேல் யாராவது உன்னைப் பெருந்தன்மையாக மன்னிக்க வந்தால், எதற்காக என்று முதலில் கேள். அவன் கையையும் பையையும் பார். அப்பனாக இருந்தாலும் பார்.

உன் அம்மாவிடம் பெரிய மனசு இல்லை, அவளிடம் இருந்தது துக்கம். பதினாறாம் நாள் அன்ன ஆகாரம் இல்லாமல் கிடந்தவளுக்கு நீ செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாய். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "இனிமே ஒன் கையால ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன்" என்றாள். நீ செம்பை வைத்துவிட்டு வெளியே போனாய். பரீட்சை எழுதாமல் அந்த வாரமே பம்பாய்க்கு ரயிலேறினாய். துணிக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறாயாம், அறையில் பல்பு போனால்கூட மாற்ற மாட்டாயாம். ஊருக்கு வந்த ஒருவர் சொன்னார்.

கேசட்டில் ஐந்தாவது பாட்டு மாமாவைப் பற்றியது. எல்லோரும் அதைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். அதில் வாய்க்கால் வரும், அவன் நெற்றித் திருநீறு வரும், அவன் வெறுங்கால் வரும். அப்புறம் விதி வரும். விதி வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடும். குறடு வராது. என்னை உரித்துக் காட்டியிருக்கிறேன் என்கிறார்களே, அழகு கெடாத அளவுக்குத்தான் உரித்தேன். இருபத்தெட்டு வருஷம் ஊரைக் காக்க வைத்துவிட்டு, கடைசியில் ராகத்தோடு ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அந்த இரைச்சல் ஒன்றுதான் அதில் பொய் இல்லாதது.

இதுவரை எழுதி நான்கு நாளாகிறது. தபாலில் போடத்தான் இருந்தேன். உறையில் உன் விலாசத்தைக்கூட எழுதிவிட்டேன். ஆனால் உன் அம்மா தினமும் காலையில் காய் நறுக்கும்போது அந்த ஐந்தாவது பாட்டைப் போட்டுக் கேட்கிறாள். வெள்ளிக்கிழமை காலை பாட்டு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்தம்பிய அப்படியே கண்ணு முன்னால கொண்டாந்துட்டீய" என்றாள். இருபது வயதில் என் பாட்டைக் கேட்டு என்னைக் கட்டிக்கொண்டவள் அவள். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அன்றைக்குத்தான் என்னைப் புகழ்ந்தாள். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, இந்தக் கடிதத்தில் இருப்பதை எல்லாம் சொன்னேன். ஏழு சுற்றையும் சொன்னேன்.

கத்துவாள், அடிப்பாள் என்று பார்த்தேன். அவள் அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். டேப்பை நிறுத்தினாள். "அவன்ட்ட சொல்லியாச்சா?" என்று கேட்டாள். இல்லை, எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "பத்து வருசமா எழுதுதீயளோ?" என்றாள். பிறகு தண்ணீர்ப் பானைப் பக்கம் போய் நின்றுகொண்டு அழுதாள். தம்பிக்காக அழுத அழுகை எனக்குத் தெரியும், இது அது இல்லை. "பச்சப் புள்ள மாதிரி செம்ப நீட்டிக்கிட்டு நின்னானே, மூஞ்சியக்கூடப் பாக்கலையே நான்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் பக்கத்தில் போனேன். கையை மட்டும் காட்டித் தடுத்தாள்.

சாயங்காலம் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தாள். ஓர் இடத்தில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டாள். எர்த்தை அவிழ்த்த இடத்தில், பாட்டுக் கெட்டுவிடக்கூடாது என்று அவிழ்த்தேன் என நான் எழுதியிருந்தேன். "பாட்டுக்காகன்னு எழுதாதீய. எந்தம்பியும் பாட்டுக்காகத்தான் இருந்தான், அவன் ஒயர அவுக்கலையே. ஒங்களுக்காக அவுத்தீய, அத அப்படியே எழுதுங்க" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன். மேலே நீ பார்த்திருப்பாய், அந்தத் தாளில் ஓரிடத்தில் மை கொட்டிய மாதிரி இருக்கும். என் பேருக்காக அவிழ்த்தேன், எய்யா. முன்பெஞ்சில் இருந்த ஒரு மனுஷர் முகம் சுளித்ததற்காக அவிழ்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போகச் சொல்லிவிட்டாள். "ஊரு பூரா எம்புள்ளயத்தான் ஏசுனாவ. அதே ஊரு கேக்கட்டும்" என்றாள். போகிறேன். கிதார் கொண்டுபோகவில்லை. இந்தக் கடிதத்துக்கு இன்னொரு பிரதி எழுதி வைத்திருக்கிறேன், பாடுவதற்குப் பதிலாக அதை வாசிக்கப் போகிறேன். அதற்குப் பிறகு என்னை எந்தக் கொடைக்கும் கூப்பிட மாட்டார்கள், மாமாவின் பிள்ளைகள் என் வாசலில் வந்து என்ன கேட்பார்களோ தெரியாது. அதெல்லாம் நான் பட வேண்டியது, நீ அதில் ஒன்றையும் சுமக்காதே. உன்னிடம் மன்னிப்பும் கேட்கப் போவதில்லை. அந்தச் சொல்லை ஒரு தடவை உன் தலையில் கை வைத்து அசிங்கப்படுத்திவிட்டேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கேசட்டையும் இதையும் உன் அம்மா கொண்டுவருகிறாள். தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற நம் தெரு அண்ணாச்சி குடும்பம் நாளைக்கு ரயிலேறுகிறது, அவர்களோடு வருகிறாள். மதுரையைத் தாண்டாதவள், ஒரு வார்த்தை இந்தி தெரியாது. எப்போது திரும்பி வருவாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பெட்டியில் அவள் சேலைகள் எல்லாம் இருக்கின்றன.

நீ இதைப் படிக்கும்போது அவள் எதிரே உட்கார்ந்திருப்பாள். இரண்டு நாள் பிரயாணம், களைத்திருப்பாள். பழைய ஞாபகத்தில் நீ பக்கத்து வீட்டாரை விட்டுத் தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருப்பாய், அவள் வாங்கிக் கீழே வைத்திருப்பாள். நீ இதைப் படித்து முடிக்கும்வரை குடிக்கமாட்டேன் என்று இங்கேயே சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறாள். படித்துவிட்டாய். எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு, உன் கையால் அவளுக்குக் கொடு.